வீட்டுக்கு வீடு குடிமராமத்து

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துப் பிரயோசனமில்லை. பரண்மேல் ஏறிப் பார்க்க வேண்டும். முன் காலத்தில் அங்கே பித்தளை அண்டாவும், கம்பி முறிந்த குடையும், கரையான் அரித்த பஞ்சாங்கமும் குடியிருந்தன. இப்போது அவற்றுக்குப் பக்கத்தில் புதிய குடித்தனக்காரர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கழுத்து ஒடிந்த மேஜை விசிறி ஒன்று. ஜாடி போய் அடிப்பாகம் மட்டும் மிஞ்சிய மிக்ஸி ஒன்று. "கொஞ்சம் ரிப்பேர்தான், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏற்றி வைக்கப்பட்டு மூன்று தீபாவளி கண்டுவிட்ட இஸ்திரிப் பெட்டி ஒன்று. வீட்டு அம்மாளைக் கேட்டால், "அதுவா? ஓடவில்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். ஏன் ஓடவில்லை என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் கேட்கப் புகுந்திருக்கிறோம்.

கேட்பதற்குப் பிச்சாவரத்தைக் காட்டிலும் தகுந்த இடம் நமக்குத் தோன்றவில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் விழும் முகத்துவாரங்களுக்கு இடையே, சுரபுன்னையும் கண்டலும் தில்லை மரமும் அடர்ந்து நிற்கும் நீர்க்காடு அது. 1975-ல் 'இதயக்கனி' படத்தில் அதைப் பார்த்து அதிசயித்தவர்கள் அநேகர். 2022-ல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் அதன் பெயர் ஏறிற்று. உல்லாசப் பிரயாணிகள் படகேறுகிறார்கள், வேர்களையும் நாரைகளையும் கண்டு களிக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் சிதம்பரம் திரும்பிவிடுகிறார்கள். கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் முகத்துவாரத்துக் குப்பங்களிலும் வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சாரப் பொத்தானை அவர்கள் பார்ப்பதில்லை. அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று ஒரு பூச்சு படர்ந்திருக்கும். அதுதான் களிம்பு.

ஆன்மாவைப் பிறப்பிலேயே பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை சொல்வது செம்பிலுள்ள களிம்பைத்தான். உமாபதி சிவாசாரியார் வாழ்ந்த சிதம்பரத்துக்கு அருகே மின்சாரக் கருவிகளும் அந்த மலத்துக்கு ஆட்பட்டே கிடக்கின்றன. கடற்காற்றோடு வரும் உப்புத் துகள் செம்புக் கம்பியின் முனையில் படிகிறது. காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்கிறது. உலோகத்தை மெல்லத் தின்கிறது. தொடுமுனை அரிக்கப்பட்டால் அந்த இடத்தில் தடை அதிகமாகும். தடை அதிகமானால் சூடு பிறக்கும். சூடு பிறந்தால் பிளாஸ்டிக் உருகும். உள்நாட்டில் பத்து வருஷம் உழைக்கும் விசிறி கடலோரத்தில் அதற்கு முன்பே முனகத் தொடங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்த வீடுகளுக்குள் இவ்வளவு யந்திரங்கள் வந்து சேர்ந்த கதை எல்லோரும் அறிந்ததே. அண்ணாதுரையின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 15-ந் தேதி, 2006-ல் ஒரு சர்க்கார் வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 2011-ல் அதே தேதியில் வேறொரு சர்க்கார் மிக்ஸி, கிரைண்டர், மேஜை விசிறி மூன்றையும் வழங்கத் தொடங்கிற்று. இலவசம் நல்லதா, கெட்டதா என்னும் வழக்கில் நாம் இறங்கப் போவதில்லை. அம்மியின் முன் குந்தி மிளகாய் அரைத்த கை எத்தகையது என்று அறிந்தவர்கள் அந்த மிக்ஸியைப் பழித்துப் பேசமாட்டார்கள். நம் குறை வேறு. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு யந்திரம் போய்ச் சேர்ந்ததே, அது நின்றுபோனால் எடுத்துச் சொல்ல ஊருக்கு ஓர் ஆளாவது பழக்கப்பட்டிருக்க வேண்டாமா? அம்மி இருந்த நாளில் அம்மி கொத்துகிறவர் தெருவில் வந்தார். ஈயம் பூசுகிறவர் வந்தார். சாணை பிடிக்கிறவர் வந்தார். பொருளும் அதைச் செப்பனிடுகிறவரும் சேர்ந்தே ஊருக்குள் நடமாடினார்கள். மிக்ஸியோ தன்னந்தனியாக வந்தது. அது நின்றுபோன வீட்டில் அம்மிக்குத் திரும்பலாம் என்றால், அம்மி கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகிவிட்டது.

இத்தனைக்கும் நின்றுபோன யந்திரங்களில் பெரும்பாலானவற்றின் வியாதி அற்பமானது. மிக்ஸியின் அடியிலே சிவப்பு நிறத்தில் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். ஜாடியில் அளவுக்கு மீறிப் பருப்பைப் போட்டு அரைத்தால், மோட்டார் எரிந்துபோகாமல் இருப்பதற்காக அது தானே துண்டித்துக்கொள்ளும். ஐந்து நிமிஷம் ஆறவிட்டு அதை அமுக்கினால் யந்திரம் மறுபடி ஓடும். இதை அறியாமல் பரணுக்குப் போன மிக்ஸிகள் உண்டு. ஜாடிக்கும் மோட்டாருக்கும் நடுவே பல் வைத்த ரப்பர்ச் சக்கரம் ஒன்று இருக்கிறதே, கப்ளர் என்பார்கள், அது உடைவதற்கென்றே செய்யப்பட்டது. விலையுயர்ந்த மோட்டாருக்காகத் தன்னைப் பலி கொடுப்பது அதன் தொழில். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்வதற்கென்றே பிறந்தவை. விசிறியைக் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால் அநேகமாகக் கண்டன்சர் பலவீனப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கிரைண்டர் மோட்டார் ஓடியும் கல் நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். இவற்றில் எதுவும் ஒரு குடும்பம் ஓட்டலில் காப்பி சாப்பிடும் செலவுக்கு அதிகமாகாது. செலவெல்லாம் பஸ்ஸிலும், அரை நாள் கூலி இழப்பிலும், "கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், இரண்டு வாரம் ஆகும்" என்ற பதிலிலும்தான். கிள்ளையில் பத்து நிமிஷத்தில் முடியக்கூடிய வேலைக்குக் கடலூர் வரை போகச் சொன்னால் எந்த அம்மாள் போவாள்?

வெள்ளம் வந்தாலோ நிலைமை வேறு. கடலூர் ஜில்லாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு பழையது. 2004 டிசம்பர் 26-ல் கடல் உள்ளே வந்தபோது பிச்சாவரக் காடு தன் பின்னாலிருந்த சில ஊர்களுக்குக் கேடயமாக நின்றது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் மின்கம்பங்களைச் சோளத்தட்டை மாதிரி சாய்த்தது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் மழை ஜில்லாவையே மூழ்கடித்தது. 2024-ல் பெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணை திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குள் நுழைந்தது. ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வடிந்த பிறகு வீட்டு வாசல்களில் சேற்றோடு குவிந்து கிடப்பவை மிக்ஸியும் விசிறியும் கிரைண்டரும்தான். ஜனங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: ஆவலோடு உடனே பிளக்கைச் செருகி மோட்டாரை எரித்துவிடுகிறார்கள்; அல்லது பழைய இரும்புக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பேரீச்சம்பழம் கொடுத்த காலமாவது இனிப்போடு முடிந்தது. இப்போது அதுவும் இல்லை.

தண்ணீரில் மூழ்கிய மோட்டார் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. வெயிலில் வைத்தால் நீர் போகும். ஆனால் உப்பும் சேறும் உள்ளேயே தங்கிவிடும். ஆகையால் முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, மிதமான சூட்டில் நாள் முழுவதும் உலர்த்தி, காயிலுக்கும் இரும்புக்கும் இடையே மின்சாரம் கசிகிறதா என்று மெக்கர் என்னும் கருவியால் சோதித்து, கசிந்தால் மறுபடி உலர்த்தி வார்னிஷ் பூசி, துருப்பிடித்த பேரிங்கை மாற்றி, அதன் பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். இது மந்திர வித்தை அல்ல. ஐ. டி. ஐ.யில் இரண்டு வருஷம் எலெக்ட்ரீஷியன் படிப்புப் படித்த பையன் செய்யக்கூடியதுதான். ஆனால் மெக்கர் இல்லாமல், "காய்ந்துவிட்டது, போட்டுப் பார்க்கலாம்" என்று துணிவது கூடாது. அந்தத் துணிச்சல் உயிரைக் கொண்டுபோகும். சர்க்யூட் பலகை வைத்த புதிய கருவிகள் வெள்ளத்தில் பிழைப்பது கொஞ்சம் அபூர்வந்தான்.

"இந்தப் பாடெல்லாம் எதற்கு? புதிதாக ஒன்று வாங்கினால் போகிறது" என்பார் நண்பர் ஒருவர். அவரிடம் பணம் இருக்கிறது, வாங்கட்டும். ஆனால் அந்தப் புதிய மிக்ஸிக்குள் சுற்ற வேண்டிய செம்பு எங்கிருந்து வரும் என்று அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் தேசத்தில் செம்புத் தாது கொஞ்சமே உண்டு. ராஜஸ்தானத்துக் கேத்ரி, மத்தியப் பிரதேசத்து மலஞ்ச்கண்ட், ஜார்க்கண்டின் சிங்பூம், இவ்வளவுதான் பெயர் சொல்லக்கூடிய இடங்கள். அங்கே கிடைக்கும் தாதுவிலும் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே செம்பு. உருக்காலைகளுக்கு வேண்டிய செறிவூட்டிய தாதுவில் மிகப் பெரும் பகுதி கப்பலில் வருகிறது. உருக்கிய செம்பை வெளிநாடுகளுக்கு அனுப்பிக் கொண்டிருந்த இந்தியா, 2018-க்குப் பிறகு அதையும் இறக்குமதி செய்யும் தேசமாயிற்று. காரணம் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருஷத்துக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கக்கூடிய தூத்துக்குடி ஆலையை மூடச் சொல்லி ஊர் திரண்டது, 2018 மே மாதத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள், ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் அந்தக் கம்பெனியின் மனுவைத் தள்ளிவிட்டது. தூத்துக்குடி மக்கள் தங்கள் காற்றையும் தண்ணீரையும் பற்றிப் பேசியதைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். அதே சமயம், செம்பு வேண்டாம் என்று நம்மில் ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு இரண்டு மிக்ஸி வைத்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊரில் உருக்கக் கூடாத செம்பை வேறு ஏதோ ஒரு தேசத்தில், வேறு யாருடைய மூச்சிலோ புகையை விட்டு உருக்கிக்கொண்டு வருகிறார்கள். 2024 மே மாதம் லண்டன் சந்தையில் செம்பின் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிற்று. அதற்கு முந்திய வருஷம் ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் தேசத்துக்கு இன்றியமையாதவை என்று 30 கனிமங்களுக்கு ஜாபிதா போட்டபோது அதில் செம்பும் இடம்பெற்றது.

மிக்ஸி ஒன்றில் இருக்கும் செம்பு சில நூறு கிராம்தான். அதைத் தோண்டி எடுக்கச் சுரங்கம் வேண்டாம். உருக்க ஆலை வேண்டாம். ஒருவரும் சாக வேண்டாம். கப்ளரை மாற்றினால் அது சுற்றத் தயாராகப் பரண்மேல் காத்திருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் செம்பு வீணாவதில்லையே என்று சிலர் வாதிக்கலாம். வாஸ்தவம், ஆனால் அநேக இடங்களில் கம்பியின் மேலுறையைத் தீயிட்டுக் கொளுத்தித்தான் செம்பைப் பிரிக்கிறார்கள். அந்தப் புகையை முகர்ந்தவர்கள் அதைப் பற்றி விளக்கம் கேட்கமாட்டார்கள். உலகம் முழுவதும் 2022-ல் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மீட்கப்பட்டதற்குக் கணக்கு இருப்பது 22 சதவீதத்துக்குச் சற்றே மேல்.

மூலப்பொருள் தட்டினால் எவ்வளவு பெரிய தொழிலும் படுத்துவிடும் என்பதற்குப் பிச்சாவரத்துக்கு அண்டையிலேயே அத்தாட்சி உண்டு. 1830-ஆம் வருஷ வாக்கில் ஜோஸையா ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை ஒன்றை ஸ்தாபித்தார். சேலத்துத் தாது, தென்னாற்காட்டு மரக்கரி, கடல் மார்க்கமாக இங்கிலாந்து. கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் உலைக்கு வேண்டிய கரிக்காகக் காடுகளை வெட்ட வெட்ட, கரி வரும் தூரம் நீண்டுகொண்டே போயிற்று. அந்தக் கஷ்டமும் பண நஷ்டமும் சேர்ந்து, நூற்றாண்டு முடிவதற்கு வெகு காலம் முன்பே உலையை அணைத்துவிட்டன.

செப்பனிடும் தொழிலை இளப்பமாக நினைப்பவர்களுக்கு இன்னொரு சரித்திரமும் சொல்ல வேண்டும். 1963-ல் பம்பாயில் மாதுரி மாதுர் என்ற அம்மையாரின் ஜெர்மன் தேசத்து பிரௌன் மிக்ஸி கெட்டுப்போயிற்று. பழம் அடிக்கவும் பால் கலக்கவும் செய்த யந்திரத்தில் நம் மசாலாவை அரைத்தால் அது என்ன செய்யும்? அதைச் செப்பனிட இந்தியாவில் அந்தக் கம்பெனிக்கு ஏற்பாடு இல்லை. ஸீமென்ஸ் கம்பெனியில் என்ஜினீயராக இருந்த கணவர் சத்ய பிரகாஷ் மாதுர் அதைப் பிரித்துப் பார்க்க நேர்ந்தது. பார்த்தவர் அதோடு நிற்கவில்லை. ஊறிய பருப்பையும் காய்ந்த மஞ்சளையும் தாங்கக்கூடிய மோட்டாருடன் தாமே ஒன்றைச் செய்துவிட்டார். அதுதான் பிற்பாடு தமிழ்நாட்டுச் சமையலறைகளில் குடும்ப அங்கத்தினர்போல் இடம்பிடித்த 'சுமீத்'. கோயம்புத்தூரில் 1937-ல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்ததும், 1955-ல் சபாபதி கல் உரலுக்கு மின்சாரம் பூட்டி கிரைண்டராக்கியதும் இதே சாதிக் காரியங்கள்தாம். கழற்றிப் பார்க்கிற பழக்கம் உள்ள ஊரில்தான் புதிதாகச் செய்கிற தொழிலும் பிறக்கிறது. சுதேசியம் என்பதற்கு இதைவிட நல்ல வியாக்கியானம் நமக்குத் தெரியாது.

இன்றைய உற்பத்தியாளர்கள் கழற்றிப் பார்ப்பதையே விரும்பவில்லை போலிருக்கிறது. திருகாணி இருந்த இடத்தில் கோந்து. சாதாரணத் திருப்புளி நுழையாத நட்சத்திர வடிவத் திருகாணி. சர்க்யூட் பலகையின் மேல் அரக்குப்போல் ஊற்றி மூடிய பிசின். நம் காரியாலயத்து விசிறி ஒன்றுக்குச் சிறு பலகை வேண்டுமென்று அதைச் செய்த கம்பெனிக்கு எழுதினோம். "அந்த மாதிரி இப்போது தயாரிப்பதில்லை; பழையதைக் கொடுத்துப் புதியது பெறலாம்" என்று மிக்க மரியாதையுடன் பதில் வந்தது. விசிறிக்கு வயது நான்கு. தெருமுனைக் கடைக்காரர் வேறொரு விசிறியின் பலகையை வைத்து அதை ஓட்டிக் கொடுத்தார், இன்றும் ஓடுகிறது. ரிமோட் மட்டும் வேலை செய்வதில்லை. நமக்கும் எழுந்து நடப்பது நல்லதுதான்.

நியாயமாகப் பேசினால், எல்லாப் பழையதையும் செப்பனிட வேண்டும் என்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. பழைய கூரை விசிறி 75 வாட் தின்கிறது, பி. எல். டி. சி. என்னும் புதிய வகை அதே காற்றை 30 வாட்டில் கொடுக்கிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றும் வீட்டில் மாதத்துக்குச் சுமார் 20 யூனிட் வித்தியாசம். அந்த யூனிட்டுக்காக நெய்வேலியில், இதே ஜில்லாவில், பூமியைத் தோண்டுகிறார்கள். 1956-ல் ஏற்பட்ட ஸ்தாபனத்துக்காக நிலம் விட்டுக் கொடுத்த குடியானவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆகவே மூன்றாம் தடவை காயில் கட்ட வேண்டி வந்த பழைய விசிறிக்கு விடை கொடுத்துவிடலாம். செம்புக்குப் பதில் மலிவான அலுமினியக் கம்பியைச் சுற்றி, கனம் குறைத்து, மோட்டாரை வந்ததைவிட மோசமாக்கித் திருப்பிக் கொடுக்கும் மகான்களும் தொழிலில் இருக்கிறார்கள். மூன்று முள் பிளக்கை வெட்டி இரண்டு முள்ளாக்கும் புண்ணியவான்கள் அவர்களுக்கு மூத்தவர்கள். இவர்களால் நல்ல தொழிலாளிக்கும் கெட்ட பெயர்.

சட்டம் மெல்ல மெல்ல நம் பக்கம் திரும்புகிறது. பிரான்ஸ் தேசம் 2021 ஜனவரியிலிருந்து, ஒரு கருவியைச் செப்பனிடுவது எவ்வளவு சுலபம் என்று அதன்மேலேயே மதிப்பெண் எழுதச் சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் செப்பனிடும் உரிமைக்கென்றே ஒரு கட்டளை பிறப்பித்தது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் இலாகா ஒரு கமிட்டி அமைத்து, அவ்வருஷம் டிசம்பர் 24-ல் ஓர் இணையதளமும் திறந்தது. இணையதளத்தைத் திறந்தால் உதிரி பாகம் விழுமா என்று கேட்காதீர்கள். கம்பெனிகள் உதிரி பாகத்தை எத்தனை வருஷம் கட்டாயமாக விற்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதும் வரையில் நம் சந்தேகம் தீராது.

சட்டம் வருவதற்குள் ஊரார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது: தண்ணீர் குடிக்கிற ஊரே கூடி, மழைக்கு முன் கரையையும் வாய்க்காலையும் செப்பனிட்டுக்கொள்ளும். 2009-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் அம்மையார் 'ரிப்பேர் கபே' என்று தொடங்கியதும், 2015-ல் பெங்களூரில் தொடங்கியதும் ஏறக்குறைய இதுதான். ஒரு நாள் எல்லோரும் பழுதான சாமானைக் கொண்டுவருவது, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது. கிள்ளையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத் தாழ்வாரம் கிடைத்தால் போதும். மெக்கர் ஒன்று, பற்றவைக்கும் கோல் ஒன்று, கப்ளர், பிரஷ், கண்டன்சர், பெல்ட் ஆகியவற்றில் ஒவ்வொரு டஜன். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதை ஏற்றால் இன்னும் விசேஷம். மிக்ஸியோடு தினம் மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். அது எந்த ஸ்வரத்தில் அழுதால் எங்கே வலி என்று அவர்களுக்குத்தான் தெரியும். படித்த பையன்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள் என்றால், ஊரிலேயே இருக்கும் பெண்கள் காயில் கட்டக் கற்றுக்கொள்வதற்கு என்ன தடை?

ஐப்பசி மழைக்கு முன் இதில் கொஞ்சமாவது நடந்தால் நல்லது. அதுவரை, ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் மாற்றிய பழைய உதிரி பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். காயில் கட்டினால் செம்பா, அலுமினியமா என்று முதலிலேயே கேட்டு, அதற்குத் தக்கபடி கூலி பேசுங்கள். நல்ல வேலைக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். பரண்மேல் இருக்கும் மிக்ஸியை இறக்கித் துடைத்து, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அதனாலேயே ஓடத் தொடங்கிய வீடுகள் எத்தனை என்று நேயர்கள் ஒரு கார்டு எழுதிப் போட்டால், அந்த எண்ணிக்கையை இதே பக்கத்தில் பிரசுரிக்கிறோம்.